இரவல் நாணயம்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணமும் நாணயம். இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டவர்கள் வியாபாரம் தெரிந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். காசு இல்லாதவன் குணத்தை நம்பிக் கடன் கேட்கலாம். குணம் போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டவன் எதை நம்பிக் கேட்பான்? இன்னொருவருடைய நாணயத்தைக் கொஞ்ச காலம் இரவல் வாங்கிக்கொள்வது தகுமா?

காரைக்காலில் எனக்கு உறவான ஓர் இளைஞனை முன்னிட்டு இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. பாரதியார் சாலைப் பக்கம் சிறு கடை வைத்திருந்தான். தகப்பனாரின் வைத்தியத்துக்காகக் கிரெடிட் கார்டில் பட்ட கடன், வட்டிக்கு வட்டியாக வளர்ந்தது. தவணைகள் தவறின, கடையும் போயிற்று. பிறகு வேலைக்குப் போய்ப் பாக்கி முழுவதையும் அடைத்துவிட்டான். ஆனாலும் வங்கிகள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அத்தான், உங்க கார்டுல என் பேருக்கும் ஒரு துணைக் கார்டு வாங்கித் தாங்க" என்று அக்காள் புருஷனிடம் கேட்டான். அவர் வாய் திறக்கவில்லை. அக்காள்தான் என்னிடம் வந்தாள்.

"குடுத்தா இவர் பேரு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு, மாமா. குடுக்கலைன்னா தம்பி மனசு ஒடிஞ்சு போயிடுவான். நான் யார் பக்கம் பேசறது?" என்றாள்.

அந்தக் காலத்தில் ஒருவனுடைய நாணயத்தைக் கடைத்தெரு எடை போட்டது. இன்று அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது; 2005-இல் இத்தகைய நிறுவனங்களுக்கென்று சட்டமும் வந்தது. 300 முதல் 900 வரை உள்ள ஓர் எண்ணில் நம் நடத்தை அடங்கிவிடுகிறது. கடைத்தெரு மனிதன், "பாவம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போச்சு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வான். எண்ணுக்கு அந்த வார்த்தை தெரியாது.

அமெரிக்காவில் இந்த இரவல் பழகிய வழி. உறவினரின் கார்டில் பெயரைச் சேர்த்தால், அவருடைய நல்ல கணக்கின் பலன் சேர்ந்தவனுக்கும் கிடைக்கும். இதற்குப் பின்னே ஒரு நியாயம் உண்டு. கணக்கெல்லாம் கணவன் பேரில் இருந்ததால், குடும்பத்தை நாணயமாக நடத்திய மனைவிக்குத் தனிப் பெயர் இல்லாமல் இருந்தது. கடன் தருவதில் பேதம் கூடாது என்று 1974-இல் அங்கே சட்டம் செய்தார்கள். தம்பதிகள் இருவரும் கையாளும் கணக்கு மனைவிக்கும் உரியதாக மதிக்கப்பட்டது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? முன்பின் தெரியாதவர்களுக்கு நல்ல கணக்குகளில் இடம் பிடித்து விலைக்கு விற்றார்கள்! மதிப்பெண் போடும் ஃபேர் ஐசக் நிறுவனம், இனி இந்த இரவலை எண்ணப்போவதில்லை என்று 2007-இல் அறிவித்தது. 2008-இல் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. விலைக்கு வாங்கியவனைத் தண்டிக்கப் போய், உண்மையான மனைவியையும் பிள்ளையையும் தண்டிக்க முடியாதல்லவா?

நம் நாட்டு நிலை வேறு. துணைக் கார்டில் ஏறும் கடனுக்கு முதல் கார்டுக்காரரே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. தம்பி தவறினால் அத்தானின் மதிப்பெண் சரியும். தம்பி ஒழுங்காகக் கட்டினாலோ, அதனால் அவனுடைய மதிப்பெண் உயரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வங்கியிடம் பெயரை மீட்க வேறு நேர்வழி உண்டு. ஒரு சிறு தொகையை வைப்பாகப் போட்டு, அதை ஈடு காட்டித் தன் பேரிலேயே கார்டு வாங்கி, மாதம் தவறாமல் முழுப் பாக்கியையும் கட்டி வரவேண்டும்.

அப்படியானால் அத்தானின் கார்டு எதற்கு? வங்கியின் நம்பிக்கையோடு வீட்டாரின் நம்பிக்கையும் போயிருக்கிறதே, அதற்காகத்தான்.

இதை எண்ணும்போது காரைக்காலம்மையாரின் கதை நினைவுக்கு வருகிறது. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவாக ஊரே கொண்டாடும் கதை, சேக்கிழார் சொன்னது. கணவன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் புனிதவதி சிவனடியாருக்கு இட்டாள். மற்றதை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்டான். இறையருளால் ஒரு கனி கிடைத்தது. ருசி வேறாக இருக்கவே, இது ஏது என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை. அதன்பின் அவளுடைய இல்வாழ்க்கை பழையபடி இருக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

பக்தர்கள் அற்புதத்தைப் பார்ப்பார்கள். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கோ அந்தக் கேள்வியும் பதிலுமே பெரிதாகத் தெரிகின்றன. பிறர் பொருளைக் கையாளுகிறவரிடம் "இது ஏது?" என்று கேட்க உடையவருக்கு உரிமை உண்டு. கேட்டபோது, என்ன நேர்ந்தாலும் உள்ளதைச் சொல்வதே கையாண்டவரின் நாணயம்.

ஆகவே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "யார் பக்கமும் பேசாதே, அம்மா. உன் வீட்டுக்காரருக்கு மறுக்கவும் உரிமை உண்டு என்று தம்பியிடம் முதலில் சொல். மறுக்க முடியாதவரிடம் வாங்குவது பறிப்பதுதான். கொடுப்பதானால், தவறினாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போகவேண்டாம். மாதக் கணக்கை மூன்று பேரும் சேர்ந்து பாருங்கள். பணம் தம்பியின் சம்பாத்தியத்திலிருந்தே வரட்டும். நீ ரகசியமாக ஈடுகட்டாதே. நீ கட்டினால் அவன் நாணயமானவன் என்று காட்டும் கணக்கு பொய்க் கணக்கு. ஒரு வருஷம் கழித்து அவனே கார்டைத் திருப்பித் தரட்டும்."

மூவரும் சம்மதித்தார்கள். தம்பி தன் சேமிப்பை ஈடாக வைத்துத் தன் பேரிலும் ஒரு கார்டு வாங்கியிருக்கிறான். அவனுடைய மதிப்பெண் என்று உயரும் என்பதை வங்கிக்காரர்கள் சொல்லட்டும். தவணைத் தேதிக்கு முதல் நாள் அத்தான் யாரையும் விசாரிக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்பதைத்தான் அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டும்.