சுபாவத்தை ஊகித்தல்

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிக்கும் கூட்டத்தில், இன்னார் முதலிற் சத்தம் போட்டுப் பின்னர் தணிந்துவிடுவார், இன்னார் வாய் திறவாதிருந்து இரவில் வாய்க்காலை வெட்டிவிடுவார் என்று பக்கத்திலிருப்பவர் காதில் முன்கூட்டியே சொல்லிவிடும் முதிய கமக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலித்தும் விடுகிறது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஒருவர் அயலான் வரம்பை எவ்வாறு மதித்தார் என்பதைப் போகம் போகமாகப் பார்த்திருந்ததனால் விளைந்த விவேகம் அது. சுவிஸ் தேசத்து உளநூல் அறிஞர் யுங் 1921 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் மாந்தரை அகமுகர், புறமுகர் என்று வகுத்தார். பின்வந்தோர் அவர் வகுப்பைப் பதினாறாகப் பெருக்கினர். வள்ளுவரும் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆதலின் இந்த வித்தையை நான் இகழேன்.

எனினும், ஒருவனுடைய குணத்தைச் சரியாக ஊகித்தவன் அவனையே அறிந்தவனாகிறானா?

சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் குணங்கள் பிரகிருதியின் காரியங்களேயன்றி ஆன்மாவின் சொரூபம் அல்ல என்பதும், ஆன்மாவோ, தன்னருகே வைத்த பூவின் நிறத்தைக் காட்டும் படிகம் போல, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பதும் சைவசித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின், இவன் கோபி, இவன் லோபி என்று நாம் முடிவு கட்டும்போது, அவ்வுயிர் இப்பொழுது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதை மாத்திரமே கண்டோம். அதிலும் கவலைக்குரியது ஒன்றுண்டு: ஊகிக்கிற நாமும் அவ்வுயிருக்கு ஒரு சார்பாகிவிடுகிறோம். தன்னைத் தண்ணீர்க் கள்ளனென்று முன்னரே தீர்த்துக்கொண்டு துருசடியிற் காவல் நிற்பவனை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒருவன், நேர்மையைச் சார்ந்து நிற்பது எவ்வளவு கடினம்!

கிளிநொச்சிப் பகுதியில் நீர்ப்பாசன இலாகாவின் களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தவர், பின்னாளில் யாழ்ப்பாணத்தார் ஞானியாகப் போற்றிய யோகசுவாமிகள் (1872–1964). பொருள்களை இனம் பிரித்துக் கணக்கெழுதும் அந்த உத்தியோகத்தர், ஊரார் பலரும் விசரர் என்று ஒதுக்கியிருந்த செல்லப்பா சுவாமிகளை நல்லூர்த் தேரடியிற் கண்டபோது, ஊரின் மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டு நடந்திருந்தால், யாழ்ப்பாணத்துச் சைவத்துக்கு எத்துணை நஷ்டம்! யோகசுவாமிகளை நோக்கி, பின்னர் அவருக்குக் குருவான செல்லப்பா சுவாமிகள் ‘யாரடா நீ’ என்று அதட்டியதாகச் சொல்வார்கள். பெயரோ, குலமோ, உத்தியோகமோ, குணமோ அதற்கு விடையாகவில்லை. ‘நாம் அறியோம்’ என்பது அக்குரு விட்டுச்சென்ற மகாவாக்கியங்களுள் ஒன்று. அதை ஏற்ற சீடர் மனிதரைக் கவனியாது விட்டாரில்லை. கொழும்புத்துறைக் குடிலுக்கு வந்தவர்களில் ஒருவரை ஏசித் துரத்தினார், ஒருவரைப் பாடச் சொல்லிக் கேட்டிருந்தார், ஒருவரோடு மௌனமாகவே இருந்தார்; ஏச்சு வாங்கிப் போனவரே வேறொரு நாள் வந்தபோது பரிவோடு பக்கத்தில் இருத்திக்கொண்டதும் உண்டு. அன்றன்று அவரவர் எதைச் சார்ந்து வாசலில் வந்து நின்றார்களோ, அதற்குத் தக்கதே அவர் கொடுத்த வரவேற்பு என்று நான் கருதுகிறேன்.