உப்பேறிய வயலும் தக்கைப்பூண்டும்



2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி, நாகப்பட்டினக் கரையோர வயல்களில் புகுந்தது. தண்ணீர் வடிந்தது, உப்பு தங்கிவிட்டது. உப்பு மிகுந்த மண்ணில் ஈரமிருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மழை உப்பை ஓரளவு கழுவிற்று. அத்துடன் தக்கைப்பூண்டும் விதைத்தார்கள். அது உப்பைப் பொறுக்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும். பூக்கும் தருணத்தில், சுமார் 45-ம் நாள், அதை மடக்கி உழுதுவிடுவார்கள். மட்கிய தழையால் இறுகிய மண் பொலபொலவென்றாகும். பிறகு பெய்யும் மழை உப்பைக் கீழே இறக்கும்.

விதைத்தவனுக்கு அதில் ஒரு படி தானியமும் கிடையாது. சொந்த நிலமென்றால் அடுத்த போகத்தில் பலன் காண்பான். ஒரு வருஷக் குத்தகைக்காரன் என்ன செய்வான்? விதைச் செலவும் உழவுக் கூலியும் அவனுடையவை. தேறிய மண் இன்னொருவருக்கு. "நான் ஏன் விதைக்க வேண்டும், சுவாமி?" என்று அவன் கேட்டால் அதைப் பாவமென்று சொல்ல எனக்கு வாய் வராது. புயல்களில் இன்னும் உப்புநீர் ஏறுகிறதே, கேள்வி பழசாகவில்லை.

லேவியராகமம் 25-ம் அதிகாரத்தில் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சர்வேசுரன் கட்டளையிடுகிறார். நிலம் தம்முடையதென்றும், மனிதர் அதில் வந்து தங்குவோரென்றும் அங்கேயே சொல்லுகிறார். அப்படியானால் பட்டாதாரரும் ஒருவகைக் குத்தகைக்காரரே. தக்கைப்பூண்டு நின்ற நாட்களுக்கும் குத்தகை வாங்கலாமா என்பது தருமத்தை அல்ல, நீதியைச் சேர்ந்த விஷயம். அதை அவர் தம் ஆத்துமசோதனையில் கேட்டுப் பார்க்கட்டும்.