சத்திரத்தில் இடமில்லையோ?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். "சாமி, மாடி போர்ஷன் காலியாயிருக்கிறது. ஒரு முஸ்லீம் குடும்பம் கேட்கிறார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. ஆனால் சேசுவின் திரு இருதயப் படம் ஸ்தாபித்த வீடாயிற்றே, கொடுக்கலாமா?" என்றார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அது என் கோழைத்தனம். அவருடைய சம்மதத்தோடு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று.

நம் சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள். அரண்மனைக்காரத் தெருவில், தூரதேசத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த ஆர்மீனியர் 1772-ம் ஆண்டில் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதே தெருவில் நமது அர்ச். அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை நெற்றிகளில் திருநீறு! ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களோ? திருவல்லிக்கேணியில் 1795-ல் எழும்பிய வாலாஜா பள்ளிவாசலில், ரம்ஜான் நோன்பு திறக்க வருவோருக்கு, மயிலாப்பூர் இந்து அறநிலையம் ஒன்று பல்லாண்டுகளாக உணவு சமைத்து வந்து பரிமாறுகிறது. மாதாவின் வாசலில் நாம் கேட்காத கேள்வியை நம் மாடிப்படியில் கேட்பது நியாயமா?

"அப்படியானால் எல்லா மதமும் ஒன்றுதானா, சாமி?" என்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. இரட்சகர் ஒருவரே. விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்தையும் விடுவதற்கில்லை. ஆனால் 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்ததையும் விடுவதற்கில்லை. பிற மதங்களில் உண்மையும் பரிசுத்தமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை. மதத்தை முன்னிட்டு ஒருவரை ஒதுக்குவது கிறிஸ்துநாதருடைய மனதுக்கு விரோதம் என்பதே அந்தப் போதனை.

இந்த ஒதுக்குதல் நமக்குத் தெரியாததா? அட்வான்ஸ் பணத்தோடு வீடு பார்க்கப் போன நம் பிள்ளைகள், ஞானஸ்நானப் பெயரைச் சொன்னதும், "வீடு முடிந்துவிட்டதே" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியதில்லையா? "சைவ உணவுக்காரருக்கு மட்டும்" என்ற பலகையைக் கண்டு மனம் நொந்ததில்லையா? நமக்கு வலித்ததை நாம் பிறருக்குச் செய்யலாகாது.

திரு இருதயப் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அம்மா. அதை ஸ்தாபித்த இடத்திலேயே வையுங்கள். மறைக்கவும் வேண்டாம். ஈட்டியால் திறக்கப்பட்ட அந்த இருதயம் நமக்காக மட்டும் திறக்கப்பட்டதன்று. வேற்று மதத்தார் மாடியில் குடியிருப்பதால் அதற்கு அவமானமில்லை. அதன் எதிரே நின்று, மதத்தைக் கேட்டுக் கதவைச் சாத்துவதே அவமானம்.

ஆகவே, வீடு கொடுக்கும்போது குணத்தை விசாரியுங்கள். வாடகையும் முன்பணமும் எல்லாருக்கும் ஒன்றாயிருக்கட்டும். அவர்கள் தொழுகைக்குப் போகட்டும். நீங்கள் ஜெபமாலையைத் தவறாமல் சொல்லுங்கள். உங்கள் நடத்தையே அவர்கள் வாசிக்கும் சுவிசேஷமாகும்.

பெத்லகேமில் கர்ப்பவதியான தேவதாயோடு அர்ச். சூசையப்பர் இடம் தேடி அலைந்தார். அன்று அவர்களுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. இன்று அந்நியருக்கு நாம் கொடுக்கும் இடம் தமக்கே கொடுக்கப்பட்டதென்று அவர்களுடைய திருக்குமாரன் எண்ணிக்கொள்வார். அவர் நம் வாசல்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு