தீர்த்தப் பயன் நீரிலா, நெஞ்சிலா?

சைவ மரபு ஓர் ஊரின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றைக் கொண்டு சொல்லும். காவிரிப் படுகையில் தீர்த்தத்துக்குக் குறைவில்லை. மயிலாடுதுறையின் துலாக் கட்டம், கும்பகோணத்தின் மகாமகக் குளம், திருவாரூரின் கமலாலயம், மன்னார்குடியின் ஹரித்ராநதி, காவிரி கடல் சேரும் பூம்புகார், ஆதிசேது எனப்படும் வேதாரண்யக் கடல்துறை எனத் தஞ்சைச் சீமையில் கண்ணுக்கு அழகான நீர்நிலைகள் பலவும் முழுக்குத் துறைகளே. இவற்றில் மூழ்கினால் வினை தீரும் என்று தலபுராணங்கள் கூறுகின்றன. தீர்ப்பது நீரா, நாளா, மூழ்குபவரின் மனமா, இறைவனா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. இதே படுகையில் பிறந்த நூல்களும் கதைகளும் அதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன.

அவற்றுள் பழமையான ஒன்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கணவனைப் பிரிந்திருக்கும் கண்ணகியிடம் தோழி தேவந்தி ஒரு வழி சொல்கிறாள். காவிரி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே நெய்தல் கானலில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரு துறைகள் உள்ளன. அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழும் பெண்கள் இம்மையில் கணவரோடு இன்புற்று வாழ்வர், மறுமையிலும் போகம் பெறுவர் என்கிறாள். அது தனக்குப் பெருமை தராது என்று கண்ணகி சுருக்கமாக மறுத்துவிடுகிறாள். அந்தத் துறைகளுக்கு ஆற்றல் உண்டா இல்லையா என்று அவள் ஆராயவில்லை. ஒரு பயனைக் கருதி நீராடுவது தகுமா என்பதே அவளுடைய மறுப்பில் உள்ள கேள்வி. அவள் நீராடாமலே கணவன் கோவலன் வீடு திரும்புகிறான். ஆனால் அந்த வரவு இருவரையும் மதுரைக்கே இட்டுச் செல்கிறது.

பூம்புகாரை அடுத்த திருவெண்காட்டில் இதற்கு நேர் எதிரான குரல் கேட்கிறது. அங்குள்ள சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்கள் முக்குளம் எனப்படுகின்றன. அவற்றில் தோய்வோருக்குப் பிள்ளைப் பேறும் நினைத்த வரங்களும் கிட்டும் என்று இரண்டாம் திருமுறையில் ஞானசம்பந்தர் உறுதி கூறுகிறார். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறு வேண்டித் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திக் குறி பார்த்தபோது இந்தப் பாடலே வந்தது என்றும், அவர் மனைவியோடு திருவெண்காடு சென்று முக்குளத்தில் மூழ்கி வழிபட்டுப் பெற்ற மகனே மெய்கண்டார் என்றும் சைவர்கள் சொல்வர். பிள்ளைக்கு இட்ட சுவேதவனப் பெருமாள் என்ற பெயர் அத்தலத்து இறைவனின் பெயர்தான். 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை இயற்றிச் சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளம் இட்டவர் இவர். அந்தத் தத்துவத்தின் முதலாசிரியருடைய பிறப்பே ஒரு குளத்து முழுக்கோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

சம்பந்தரின் சமகாலத்தவரான அப்பர் ஐந்தாம் திருமுறையில் வேறொன்று கேட்கிறார். கங்கை, காவிரி, குமரி, கடல் என்று புகழ்பெற்ற நீர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றில் ஆடி என்ன பயன் என்கிறார். எங்கும் ஈசன் என்று உணராதவர்க்கு எந்த நீரும் உதவாது என்பது அவர் முடிவு. இதைத் தீர்த்த மறுப்பாகக் கொள்ள முடியாது. ஊர் ஊராகத் தலங்களைத் தேடி நடந்து பாடியவர் அவர். கரையில் உணர்வைக் கழற்றி வைத்துவிட்டு உடம்பை மட்டும் நனைப்பதைத்தான் அவர் கண்டிக்கிறார். சம்பந்தரின் உறுதிமொழியும் அப்பரின் கேள்வியும் ஒரே தேவாரத்துள் அடங்கியிருக்கின்றன. தொகுத்தவர்களும் ஓதியவர்களும் ஒன்றுக்காக மற்றொன்றை விலக்கவில்லை.

கமலாலயத்தைச் சூழ்ந்த பூசல் இன்னும் அடிப்படையானது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பது வழக்கு. இக்குளம் தூர்ந்து சிறுத்திருந்த காலத்தில், பார்வையற்ற தண்டியடிகள் கம்பம் நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே போய் மண்ணை அள்ளிக் கொட்டினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் சொல்கிறது. மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மடியும் என்று சமணர்கள் தடுத்தார்கள். கதையில் தண்டியடிகள் பார்வை பெறுகிறார். தடுத்தவர்கள் பார்வை இழக்கிறார்கள். இது வென்ற தரப்பு சொன்ன கதை என்பதை மறக்கலாகாது. நிலமும் நீரும்கூட உயிருள்ளவை என்பது சமணக் கொள்கை. அந்தக் கண்ணுக்குக் குளம் வெட்டுவது கொலையாகவே தெரியும். சைவர் கண்ணுக்கு அது தொண்டு.

குளம் தோண்டுவது தொண்டு என்ற கருத்து நந்தனார் கதையில் கூர்மை பெறுகிறது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட அவர், திருப்புன்கூரில் வெளியே நின்று இறைவனைக் கண்டு, அங்கே ஒரு குளத்தை வெட்டிவிட்டுத் திரும்பினார் என்கிறது பெரியபுராணம். தீர்த்தம் எல்லாருடைய பாவத்தையும் போக்கும் என்று நூல் சொன்னது. சமூகமோ சிலரைத் துறையிலேயே தடுத்தது. நீர் தீண்டலால் கெடும் என்றால் அது பாவம் போக்கும் என்ற கூற்று நிற்காது. இந்த முரணுக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு 1950இல் சட்ட வழியில் விடை தந்தது. பொதுக் கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலிருந்து சாதி, சமய அடிப்படையில் எவரையும் விலக்கக்கூடாது என்கிறது அது.

அடுத்தது காலம் பற்றிய சிக்கல். ஐப்பசி முழுவதும் கங்கை முதலிய ஆறுகள் மயிலாடுதுறைக் காவிரிக்கு வந்து, மக்கள் தங்களிடம் விட்டுச் சென்ற பாவத்தைக் கழுவிக்கொள்கின்றன என்பது துலா முழுக்கின் நம்பிக்கை. குரு சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மக நாளில், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மகாமகத்துக்கும் இதே வகைக் கதை உண்டு. கடைசியாக அது 2016 பிப்ரவரி 22இல் நடந்தது. ஒன்பது நதிக் கன்னியரின் சிலைகள் குளத்தின் வடகரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலில் இருக்கின்றன. நீர் பாவத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் தானே அழிக்காது; அந்த நீருக்கும் ஒரு மீட்பு வேண்டும் என்பது இக்கதைகளின் உட்கிடை. நாளின் கண்டிப்பையும் மயிலாடுதுறையே தளர்த்தியது. ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்குள் வந்து சேர முடியாத முடவர் ஒருவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளிலும் அதே பயனைத் தந்தான் என்கிறது முடவன் முழுக்குக் கதை. அருள் நாளுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதே இதன் பொருள்.

சிதறிக் கிடக்கும் இந்த விடைகளைச் சைவ சித்தாந்தம் ஒழுங்குபடுத்துகிறது. செய்த கருமமே தன் பயனைத் தரும் என்பது மீமாம்சகர் கொள்கை. அதன்படி முழுக்குப் போட்டாலே போதும். மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதை ஏற்கவில்லை. வினை அறிவற்றது, யார் செய்தார், என்ன பயன் தகும் என்று அது அறியாது, ஆகவே பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது அவர் வாதம். இந்த வாதம் தீர்த்தத்துக்கும் பொருந்தும். நீரும் மாயையில் தோன்றிய சடப்பொருள். அது கருவி, அருள்பவன் சிவன். கருவியைக் கொண்டு அருள் வருவதால் சம்பந்தரின் உறுதிமொழி நிற்கிறது. கருவியை மட்டும் பற்றியவனுக்குப் பயனில்லை என்பதால் அப்பரின் கேள்வியும் நிற்கிறது. அருள்பவன் நாளைத் தள்ளிப்போட வல்லவன் என்பதால் முடவனும் தேறுகிறான்.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளில் புறத்தொண்டுகள் முதற்படியைச் சேர்ந்தவை. முதற்படி என்பதால் அதை இழிவாகக் கருதும் போக்கைத் தாயுமானவர் ஒரு கண்ணியில் திருத்துகிறார். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று முறையாகத் தொடங்கியவருக்கே உண்மை உணர்த்தும் குரு வாய்ப்பார் என்பது அவர் கருத்து.

நீர்த்துறையில் நலம் தேடுவது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நாகூர் தர்காவின் குளத்திலும் வேளாங்கண்ணி மாதா குளத்தருகிலும் கடற்கரையிலும் பல சமயத்தாரும் நோய் நீங்கவும் நேர்த்திக்கடன் தீர்க்கவும் கூடுகிறார்கள். அங்கும் நலம் தருவது நீரென்று மார்க்க அறிஞரோ குருவானவரோ சொல்வதில்லை. இறைவனே தருகிறான், நாகூர் ஆண்டகையும் வேளாங்கண்ணி அன்னையும் பரிந்துரைக்கிறார்கள் என்பதே அவர்களது விளக்கம்.

நீரைக் கருவி என்று கொண்டால் நடைமுறைக் கேள்வி ஒன்றுக்கும் விடை கிடைக்கிறது. மேட்டூர் அணை வற்றி, ஐப்பசியிலும் துலாக் கட்டம் காய்ந்து கிடக்கும் ஆண்டில் ஆழ்குழாய் நீரில் குளித்தால் பயன் உண்டா? சித்தாந்தப்படி உண்டு, ஆறு வறண்டதால் அருள் வறளாது. ஆனால் அதே சித்தாந்தம் நீர்நிலையைப் பேணுவதையும் தொண்டாகப் போற்றுகிறது. தண்டியடிகளையும் நந்தனாரையும் நாயன்மார் வரிசையில் வைத்த மரபில், வரத்து வாய்க்கால் அடைபட்டுக் குளம் குப்பைமேடாவது ஊராரின் சரியைக் குறைபாடு. தீர்த்தத்தில் மூழ்குவதற்குச் சொல்லப்பட்ட புண்ணியம், அந்தத் தீர்த்தத்தைத் தூர் வாருவதற்கும் உண்டு.