அசலுக்கு எது அளவை?

போர்முனையில் ஒரு வீரர் அணிந்த சட்டை ஒன்று; அதே துணியில், அதே தையலில் உருவாகிப் போர்முனையையே பார்க்காத சட்டை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? துணியிலா, நூலிலா, பார்ப்பவர் மனத்திலா? இராணுவ நினைவுப்பொருள்களைச் சேர்ப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி இது. மெய்யியலிலும் இது மிகப் பழைய கேள்வி.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆவடியில் உள்ள படை உடைத் தொழிற்சாலை 1960களிலிருந்து படையினருக்கான உடைகளைத் தைத்துவருகிறது. அங்கேயே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஒரே நாளில், ஒரே மேசையில் வெட்டித் தைத்த இரு சட்டைகளில் ஒன்று எல்லைக்குப் போயிருக்கலாம். மற்றது கிடங்கில் கிடந்து கழிவு ஏலத்துக்கு வந்து, காயலான் கடையில் தொங்கலாம். இரண்டும் ஒரிஜினல்தான். ஆனால் சேகரிப்பாளர் தேடுவது அந்த ஒரிஜினலை மட்டும் அன்று. பொருள் எங்கே, எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பது ஓர் அசல். செய்யப்பட்ட பின் அது யாரிடம் இருந்தது, எதைக் கடந்துவந்தது என்பது இன்னோர் அசல். முதலாவதைப் பொருளே சொல்லிவிடும். இரண்டாவதைப் பொருளால் சொல்ல முடியாது.

அறிவுக்கு வழிகள் பல என்று சொல்லப்பட்டாலும் அவை காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்பது 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் நிறுவிய நிலைப்பாடு. கடவுளையும் உயிரையும் அறிவதற்கு வகுத்த இந்த அளவைகள், ஒரு பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கும் அப்படியே பொருந்துகின்றன.

காண்டல் நெடுந்தூரம் கொண்டுபோகும். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு வழங்கிய வெள்ளிப் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். அசலை அச்சாக வைத்து உலோகம் வார்த்துப் போலி செய்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டம் சற்றுக் குறையும்; அரசர் முகத்தின் மயிரிழைகள் மழுங்கும்; பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். சாதாரண வீரர் ஒருவரின் பதக்கத்தில் பெயரை அரம் போட்டு எடுத்துவிட்டு, புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரை வெட்டுவது வேறொரு வகை மோசடி. அரம் போட்ட அளவுக்கு விட்டம் குறைந்திருக்கும் என்பதால், வெர்னியர் கருவியால் விளிம்பைப் பல இடங்களில் அளந்தால் பெரும்பாலும் பிடிபடும். உலோகம் அசல், உருவம் அசல், அரசு வழங்கியதும் அசல். பெயர் மட்டும் பொய். இந்த வகைக்குப் போலி என்ற ஒற்றைச் சொல் போதாது.

கருதலின் வேலை வேறு. துணியை வெண்மையாக ஒளிரச் செய்யும் வேதிப்பொருள்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆகவே 1942ஆம் ஆண்டுச் சட்டை என்று சொல்லப்படும் ஒன்றின் தையல் நூல் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தால் ஐயப்பட இடம் உண்டு. ஆனால் அசல் சட்டையைப் பிற்காலத்துச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுகிறவர், அது பனியோ என்றும் பார்த்தாக வேண்டும் என்று தருக்க நூல்கள் எச்சரிப்பது இதைத்தான். நூல் ஒளிரவில்லை என்றாலும் சட்டை பழையது என்று நிறுவப்படுவதில்லை. கருதலுக்கு மறுக்கும் வலிமை அதிகம்; நிறுவும் வலிமை குறைவு.

பொருள் மாறாமல் இருக்கிறது என்ற எண்ணமே ஆட்டம் காணும் இடமும் ஆவடியில்தான் இருக்கிறது. அஜேயா எனப்படும் டி-72 டாங்கிகள் அங்கே முழுப் பழுதுபார்ப்புக்கு வருகின்றன. எஞ்சின் மாறலாம், பீரங்கிக் குழல் மாறலாம், சங்கிலிப் பட்டை மாறலாம். திரும்பிப் போவது அதே டாங்கியா? உறுப்பு ஒன்று நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர் கருத்து. ‘இது அதுவே’ என்று அடையாளம் காண்பது ஒப்புமையால் வரும் மயக்கம் என்பர் பௌத்தர். வெட்டியபின் வளர்ந்த நகத்தையும் கணந்தோறும் புதிதாகும் விளக்குச் சுடரையும் அதற்குச் சான்று காட்டுவர். காரியம் காரணத்திலேயே இருக்கிறது என்னும் சற்காரியவாதி உலோகத்தின் தொடர்ச்சியைப் பிடித்துக்கொள்வார். அந்தத் தொடர்ச்சி மட்டும் போதுமானால், கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் மின் உலையில் பழைய இரும்போடு இரும்பாக உருகிக் கட்டடக் கம்பியாக வரும் கவச வண்டித் துண்டையும் போர்ச் சின்னம் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. சேகரிப்பாளர் மதிப்பது உலோகத்தை அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மிஞ்சுவது உரை. இந்தச் சட்டை இன்னாருடையது என்பதை அவருடைய பணி ஏடும், கடிதமும், புகைப்படமும், அவரிடமிருந்து பெற்றவர் எழுதிவைத்த குறிப்பும்தான் சொல்ல முடியும். உரை என்றால் யார் சொன்னதும் அன்று. அறிந்தவராகவும் பொய் சொல்லக் காரணம் இல்லாதவராகவும் இருப்பவர் சொல்வதே உரை. விற்பவருக்குக் காரணம் உண்டு. அதனால்தான் அவர் சொல்லும் கதைக்கு மதிப்பு குறைவு. அரசே சொன்னாலும் உரை தவறலாம். வீரத்துக்காகப் பிரிட்டன் வழங்கும் விக்டோரியா சிலுவைப் பதக்கங்கள் கிரிமியப் போரில் செவாஸ்தபோலில் கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளின் வெண்கலத்தால் ஆனவை என்று தலைமுறைகளாக நம்பப்பட்டது. பிற்கால ஆய்வு, பல பதக்கங்களின் உலோகம் சீனப் பீரங்கிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று காட்டியது. உரையைக் காண்டல் திருத்திய இடம் இது. ஆனாலும் அந்தப் பதக்கம் பெற்ற எவருடைய வீரமும் இதனால் பொய்யாகிவிடவில்லை. உலோகத்தைப் பற்றிய கூற்று மட்டுமே விழுந்தது.

அசலா நகலா என்ற கேள்வியை வழிபாடு வேறு விதமாகக் கையாள்கிறது. கோயிலில் திருமேனி பின்னமானால், கலாகர்ஷணம் செய்து ஆற்றலைக் குடத்துக்கு மாற்றி, புதிய திருமேனியில் நிலைநிறுத்துகிறார்கள். புதியதை யாரும் நகல் என்பதில்லை. திருத்தணியில் வாங்கி வீட்டுப் பூசையில் வைக்கும் வேலும் அப்படியே. முருகன் சூரன்மேல் எறிந்த வேல் இதுதான் என்று யாரும் சொல்வதில்லை, அதனால் அது போலியும் ஆவதில்லை. போரில் விழுந்த வீரனுக்குத் தமிழர் எடுத்த நடுகல் இன்னும் தெளிவான சான்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதைத் தொல்காப்பியம் துறைகளாக வகுத்துச் சொல்கிறது. அவனுடைய வாளும் கேடயமும் கல்லில் செதுக்கப்பட்ட உருவங்கள் மட்டுமே. அவன் தொட்ட பொருள் எதுவும் அங்கே இருக்கவேண்டியதில்லை. அவன் யார், எந்தப் பூசலில் பட்டான் என்ற எழுத்து இருக்கிறது. பொருளைக் காக்காமல் உரையைக் காத்த மரபு அது.

எனவே நகல் செய்வது தவறாகாது. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நகல்கள் தேவைப்படுகின்றன. பொய் பொருளில் இல்லை, அதைப்பற்றிய கூற்றில் இருக்கிறது. தொலைந்த பதக்கத்துக்குப் பதிலாக பிரிட்டிஷ் அரசு வழங்கும் மாற்றுப் பதக்கம் இதைச் சோதிக்க ஏற்றது. அதே வடிவம், அதே அரசு, அதே வீரர். ஆனால் அவர் முதலில் நெஞ்சில் அணிந்த பதக்கம் அதுவன்று. அதன் விளிம்பில் அது மாற்று என்பதற்கான குறியும் பொறிக்கப்படுவது வழக்கம். அந்தக் குறி இருக்கும்வரை அதில் போலி என்று சொல்ல எதுவும் இல்லை. விற்பதற்காக ஒருவர் அந்தக் குறியை அரம் போட்டு எடுக்கும்போதுதான் அது போலியாகிறது.