காற்றும் கயிறும்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கோலார் தங்கவயலுக்கு நீண்ட காலம் நீர் வழங்கிய பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, தமிழகத்தின் ஊடே சென்று கல்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கிறது. தங்கவயலில் கடல் இல்லை. ஆயினும் அந்த ஆறு சென்றடையும் கடலில் பழகும் ஒரு கலை, தங்கவயல் மக்கள் நன்கறிந்த கேள்வி ஒன்றைத் தெளிவாக்க உதவும். நம் வசத்தில் இல்லாத ஒன்றின் முன்னே, நமது முயற்சியின் இடம் எது?

திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமையைப் போற்றுகிறது. இவை முரண்படுகின்றன என்பாரும், இல்லை என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். பாய்ப்படகு ஓட்டப் பழகும் புதியவனுக்கோ இது கைகளின் அனுபவமாகிறது.

கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. சோழமண்டலக் கரையில் வழங்கிய இச்சொல்லை வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தமது பயண நூலில் பதிவு செய்தார். இன்று உலகெங்கும் 'கேட்டமரான்' எனப்படுவது, இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்த இலேசான பாய்ப்படகு. பெயர் மட்டுமே நம்முடையது; வடிவம் பசிபிக் தீவினர் தந்தது.

அதில் ஏறும் புதியவன், காற்று வரும் திசைக்கு நேராகச் செல்ல இயலாது என்பதை முதலில் அறிகிறான். ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கமும், பிறகு மறுபக்கமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். திடீரெனக் காற்று வலுத்தால், காற்று வீசும் பக்கத்து உடல் நீரைவிட்டு எழும்புகிறது. அச்சத்தில் அவன் பாயின் கயிற்றை மேலும் இறுகப் பற்றுகிறான், படகு கவிழ்கிறது. செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது. கயிற்றைச் சற்றுத் தளர்த்தினால் மிகுதியான காற்று பாயைக் கடந்து போய்விடும். எழுந்த உடல் மீண்டும் நீரில் அமரும். இதைச் சொல்வது எளிது. இறுகும் விரல்களை நெகிழச் செய்வதற்குப் பல நாட்பயிற்சி வேண்டும். அதே சமயம், கயிற்றை அடியோடு விட்டவனின் பாய் வெறுமனே படபடக்கும், படகு அலையின் போக்கில் ஒதுங்கும். அதனைச் சரணாகதி என்று அழைப்பது சோம்பலுக்குச் சூட்டும் நற்பெயரே.

இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அங்கே அழுத்தம் தாளாமல் பாறை வெடித்தபோது, தொழிலாளியின் கையில் தளர்த்துவதற்கு ஒரு கயிறும் இருக்கவில்லை. மாண்டவனின் மனைவியிடம் முயற்சியின் பெருமையை விளக்குவது கொடுமை. ஊழ் என்று சொல்லி, பாதுகாப்பில் நேர்ந்த குறைகளை மறைப்பது அதனினும் கொடுமை.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அது தொழிலாளர்கள் விரும்பிய முடிவன்று. அதன்பின் அக்குடும்பங்களில் பலர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர்.