ராஜா யாருக்குக் கடன்பட்டவர்?

தலித் எழுத்தாளர்கள் நாலு பேர் கூடினால், டீ குடிக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். ‘இளையராஜா நம்ம ஆளுதானே, ஏன் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாரு?’ தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் சூடாகப் பேசப்பட்ட இந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் இணைத்துப் பேசும் ஒரு நூலுக்கு அவர் முன்னுரை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கேள்வி கோபமாக மாறியது. கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்விதானா என்று நாம் ஒருதரம்கூட நின்று யோசித்ததில்லை.

முதலில் மனுஷர் நடந்து வந்த வழியைப் பார்ப்போம். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். அந்தக் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்து ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனார் தம்பி. அறுபதுகளின் கடைசியில் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிகல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். சலீல் சௌத்ரியின் வாத்தியக் குழுவில் கூலிக்குக் கிதார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’. அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. ஆர்மோனியம், கிதார், பியானோ, கீபோர்டு, சொந்தக் குரல் என்று எத்தனையோ அவர் கைக்கு வசப்பட்டன. அவர் பாட்டுகளில் தப்பும் உறுமியும் ஒலித்ததுண்டு. ஆனால் அவர் தோளில் மாட்டிக்கொண்டது கிதாரைத்தான், பறையை அல்ல. நம்மில் பலருக்கு உறுத்துவது இதுதான்.

கருவிக்குச் சாதி உண்டா? தோலிலும் மரத்திலும் சாதி இல்லை. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அது சபாவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் பறைமேல் ஏறின தீட்டு எங்கிருந்து வந்தது?

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் காலனிக்கு ஆள் வரும். காய்ச்சலோ, சொந்த வீட்டில் காரியமோ, சாக்குச் சொல்ல முடியாது. ‘ஊரு கூப்புட்டா போவணும்’, அவ்வளவுதான். களத்துமேட்டில் போடுகிற நெல்லுக்கு அது கணக்கு. அடிக்கிறவனின் கைநேர்த்தியை ரசிப்பார்கள், அடிக்கிறவனைத் திண்ணையில் ஏற்ற மாட்டார்கள். ஆக, இழிவு இருப்பது தோலில் இல்லை, தாளத்திலும் இல்லை, மறுக்க முடியாத அந்தக் கூப்பாட்டில் இருக்கிறது.

மேற்கே தெரிகிற கல்வராயன் மலையிலும் கதை வேறில்லை. அங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடிகள் தலித்துகள் இல்லை. அவர்கள் வரலாறு தனி. ஆனாலும் மூன்று ஜாகீர்களின் கீழே அவர்களும் கூப்பிட்டால் போய்க் கூலியில்லாமல் உழைக்க வேண்டியவர்களாகவே இருந்தார்கள். அந்தப் பிடி அறுந்தது 1976இல், அவசரநிலைக் காலத்தில். ‘அன்னக்கிளி’ வந்ததும் அதே ஆண்டு. ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் பெயரில் தன் இசையைப் போட்டபோதுதான், ஒரு மலை முழுக்க இருந்த ஜனங்களுக்கு ‘வர முடியாது’ என்று சொல்லுகிற உரிமை காகிதத்திலாவது கிடைத்தது.

கிதாரின் விடுதலை இங்கேதான் இருக்கிறது. சாவுக்கு வா என்று கிதார்க்காரனை எந்த ஊரும் கூப்பிட முடியாது. அவன் பாட்டன் கிதார் வாசித்தான், அதனால் இவனும் வாசித்தாக வேண்டும் என்று எவனும் சட்டம் பேச முடியாது. வாசித்தால் காசு, பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகலாம். பரம்பரை இல்லாத கருவி என்பது நம்மவனுக்கு எவ்வளவு பெரிய மூச்சு! மேல்சாதி விமர்சகர் கிதாரை அந்நியக் கருவி என்கிறார். நமக்கு அந்நியமானது எது? பிறந்த வீட்டிலேயே மாட்டியிருந்த அடிமைச் சாசனமா, இஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஆறு தந்திகளா?

பறையைக் கீழே போடுவதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்ததை மறந்துவிடக் கூடாது. கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னாற்காட்டில் இருந்த வட்டம், 2019இல்தான் தனி மாவட்டம். அந்தத் தென்னாற்காட்டில்தான் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் பறையடிக்கப் போகாதே, செத்த மாடு தூக்காதே என்று ஊர் ஊராகச் சொன்னார். அதைக் கேட்டவர்கள் அடியும் பட்டினியும் தாங்கினார்கள். பிறகு தலித் கலை விழாக்கள் வந்தன. கீழே போட்ட பறையை நம் பிள்ளைகள் மேடையில் எடுத்தார்கள், அதுவும் சரிதான். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு பறையையும் எலக்ட்ரிக் கிதாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. போட்டவனும் எடுத்தவனும் எதிரிகள் இல்லை. இரண்டு பேருமே தன் கையைத் தானே ஆண்டவர்கள்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்குத் திரும்புவோம். ‘நீ எங்க ஆளு, வந்து சொல்லு’ என்று ராஜாவைக் கூப்பிடுகிறோமே, இந்தக் கூப்பாடு யாருடைய குரல்? காலனி வாசலில் வந்து நின்ற அந்த ஊர்க் குரலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறப்பைக் காட்டி ஒருவரை அழைக்கிற உரிமை ஊருக்கு இல்லையென்று போராடின நாம், அதே உரிமையை நமக்கு வைத்துக்கொள்ளலாமா? செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடமும் ‘உங்கள் சாதிக்கு என்ன செய்தீர்கள்’ என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. சாதி பெயரிலேயே ஒட்டியிருந்தும் அவர்கள் வெறும் வித்வான்களாக இருக்க முடிந்தது. அந்தச் சலுகையை நம்மவர் ஒருவர் எடுத்துக்கொண்டால் மட்டும் துரோகமா?

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபப் படியில் அவர் வெளியே நின்ற காட்சி பரவியது. ஜீயர்கள், அர்ச்சகர்கள் தவிர எவருக்கும் உள்ளே அனுமதி கிடையாது என்றது கோயில் தரப்பு. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை என்று அவர் மறுத்தார். அன்றைக்கு நம்மில் சிலருக்கு அவர் அவமானப்பட்டிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. நமக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தப் படியைத் தாண்டிப் பிறப்பால் நுழைகிறவர்கள் யார் என்று கோயிலைக் கேட்க, அவருடைய காயம் எதற்கு? கேட்க வேண்டிய இடத்தில் கேட்க நமக்கே வாய் இருக்கிறது.

அதற்காக அவரை விமர்சிக்கவே கூடாது என்பதில்லை. அந்த முன்னுரையை வரிக்கு வரி மறுக்கலாம். மறுக்கவும் வேண்டும். பொதுவாழ்க்கையில் இருக்கிற ஒருவர் சொன்ன கருத்தாக அதை மறுக்க வேண்டும். பிறப்புக்குச் செய்த துரோகமாக மறுத்தால், அன்றைக்குச் சாதியைத் தொட்டு அவரை வைதவர்களுக்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ‘ராஜாவே வந்துட்டாரே, இன்னும் என்னய்யா சாதி?’ என்பார்கள். சாதியைப் பேசாதவரைச் சாதி ஒழிந்ததற்குச் சாட்சியாக நிறுத்துவதும் கூப்பாடுதான். மேதை ஒருவர் சுவர் ஏறிக் குதித்தார் என்பதால் சுவர் இல்லை என்று ஆகுமா? மேதை இல்லாத பிள்ளைக்கும் வாசல் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தத் தெருக்களில் மிஞ்சின பிள்ளைகளிடம் போய் ராஜாவின் கதையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட முடியாது.

கடன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பாவலர் தம்பியைக் கூட்டிப்போனார், தன்ராஜ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். கற்றவன் கற்காத பிள்ளைக்குக் கடன்பட்டவன். ஆனால் அது சாதிக்கடன் இல்லை. கற்ற எல்லாருக்கும் உள்ள கடன், ஐயர் வித்வானுக்கும் சேர்த்து. அதை வசூலிக்க வேண்டிய முதல் இடம் அரசாங்கம்.

கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கீழே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. தோழர்களே, எத்தனை பள்ளியில் இசை ஆசிரியர் இருக்கிறார், எத்தனை பள்ளியில் தந்தி அறாத ஒரு கிதாரும், ஆசைப்பட்டு எடுக்க ஒரு பறையும் இருக்கிறது என்று போய் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். ராஜா பேசுகிறாரா இல்லையா என்பதை அவர் பாட்டுக்கு விட்டுவிடலாம்.